காற்றில் மிதக்கும் பூஞ்சையும் குழந்தைகளின் ஆஸ்துமாவும்

மழைக்காலத்தில் இளைப்பு கூடுவது புரிகிறது, மழை ஓய்ந்து வெயில் அடிக்கும்போதும் ஏன் கூடுகிறது என்று தை, மாசி மாதங்களில் பெற்றோர் பலர் கேட்கின்றனர். வெளிக்காற்றில் மிதக்கும் பூஞ்சை வித்துகள் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

பூஞ்சை என்றதும் ஈரம் ஊறிய சுவரே நம் நினைவுக்கு வருகிறது. ஆயினும், ஆல்டர்னேரியா, கிளாடோஸ்போரியம் என்னும் இரு பூஞ்சைகள் பெரும்பாலும் வெளியில், காய்ந்த இலைகளிலும் வைக்கோலிலும் அறுவடைக்குப் பின் நிற்கும் தாள்களிலும் வளர்கின்றன. அவை வளர ஈரம் வேண்டும். அவற்றின் வித்துகள் பறக்க உலர்ந்த காற்று வேண்டும். எனவே வெயிலும் காற்றும் சேர்ந்த பிற்பகலில் அவை மிகுதியாக மிதக்கும். கதிரடிக்கும் களத்தருகே சொல்லவே வேண்டியதில்லை. வேறு சில பூஞ்சைகள் மழை பெய்த இரவில் வித்துகளை வீசும்.

இது தொற்று அன்று. ஒவ்வாமை உள்ள குழந்தையின் உடல் வித்திலுள்ள புரதத்தைப் பகையெனக் கருதுவதால் மூச்சுக்குழாய் வீங்கி இறுகுகிறது. இதற்கு ஆன்டிபயாடிக் உதவாது.

இதை நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. ஆஸ்துமாவால் மூச்சு நின்றுபோகும் நிலைக்குச் சென்ற 11 இளம் நோயாளிகளை அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் ஆராய்ந்து 1991இல் வெளியிட்டனர். அவர்களுள் 10 பேருக்கு ஆல்டர்னேரியா ஒவ்வாமை இருந்தது.

வெளிக்காற்றைத் தடுத்து நிறுத்த எவராலும் இயலாது. காற்று வீசும் பிற்பகலில் சன்னல்களை மூடலாம். சருகு கூட்டும் இடத்திலிருந்தும் வைக்கோற்போரிலிருந்தும் குழந்தையை விலக்கி வைக்கலாம். பூஞ்சையை விரட்டுவதாக எண்ணிச் சாம்பிராணி போடுவது இளைப்பையே கூட்டும். தோல் பரிசோதனையோ இரத்தப் பரிசோதனையோ எல்லாக் குழந்தைகளுக்கும் தேவையில்லை. குறிப்பிட்ட பருவத்தில் இளைப்பு திரும்பத் திரும்ப வந்தால் கேளுங்கள்.

இவை யாவற்றையும்விட முக்கியமானது, நாள்தோறும் எடுக்க வேண்டிய தடுப்பு இன்ஹேலர். குழந்தை நலமாக இருக்கிறது, மருந்து பழகிவிடும் என்று அஞ்சி அதை நிறுத்துவோர் பலர். அது பழக்கத்துக்கு அடிமையாக்கும் மருந்து அன்று. மூச்சுக்குழாயின் அழற்சியைத் தணித்து வைப்பது. மருத்துவரைக் கேளாமல் நிறுத்தாதீர்கள். உடனடி நிவாரண இன்ஹேலரும் ஸ்பேசரும் பள்ளிப் பையில் இருக்கட்டும், ஆசிரியருக்கும் தெரிவியுங்கள்.

குழந்தை ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச இயலாமல் திணறினாலோ, மூச்சிழுக்கையில் விலா எலும்புகளிடையே தோல் உள்வாங்கினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, நிவாரண இன்ஹேலரைக் கொடுத்தபடியே 108 ஆம்புலன்ஸை அழையுங்கள்.