ஒற்றை ஷூவுக்கு ஜோடி எங்கே? ஆங்கிலம் பேசவைக்கும் வகுப்பறை விளையாட்டு!

சாயங்காலம் பள்ளி விட்டு நாலு பிள்ளைகள் தெருவில் சேர்ந்தால் போதும், 'கலர் கலர்' விளையாட்டு தொடங்கிவிடும். ஒருவர் ஒரு நிறத்தைச் சொல்வார். மற்றவர்கள் ஓடிப்போய் அந்த நிறத்துக் கதவையோ, சட்டையையோ, சைக்கிளையோ தொட வேண்டும். கேள்வி, பதில், நிறத்தின் பெயர் எல்லாமே ஆங்கிலம்தான். ஒருவருக்கும் கூச்சம் கிடையாது.

அதே பிள்ளையை மறுநாள் வகுப்பில் எழுப்பி, "காலையில் என்ன சாப்பிட்டாய்?" என்று ஆங்கிலத்தில் கேட்டுப் பாருங்கள். தலை குனிந்துவிடும். 'இட்லி' என்று சொன்னாலே பதில்தான்! ஆனால், தப்பாகச் சொன்னால் பின் பெஞ்ச் சிரிக்குமே என்ற பயம் வாயைக் கட்டிவிடுகிறது.

வேலூருக்கும் ஆம்பூருக்கும் நடுவே, பாலாற்றங்கரையில் இருக்கிறது பள்ளிகொண்டா. உத்திர ரங்கநாதர் கோயிலுக்காக வருபவர்கள் ஒரு பக்கம், டோல்கேட்டில் நின்று போகும் பெங்களூரு வண்டிகள் ஒரு பக்கம். இந்தப் பகுதி வீடுகளில் கேட்பது தமிழ், உருது, தெலுங்கு. வகுப்பில் ஆங்கிலம் பேசாத பிள்ளை வேறெங்கும் பேசப்போவதில்லை. 40 பேர் இருக்கும் வகுப்பில், 40 நிமிட பீரியடில், ஒவ்வொருவராக எழுப்பிக் கேட்டால் ஆளுக்கு ஒரு நிமிடம்தான். ஜோடி ஜோடியாகப் பேசவிட்டால் ஒரே நேரத்தில் 20 வாய்கள் அசையும்.

இங்கே கைகொடுப்பது ஷூதான். ஐந்து நிறம், லேஸ் உள்ளது, இல்லாதது, சைஸ் 5, சைஸ் 6. பெருக்கிப் பார்த்தால் 20 ஜோடி. பழைய காலண்டர் அட்டையில் இடது கால் ஷூ 20, வலது கால் ஷூ 20 வரைந்து வெட்டினால் ஆளுக்கு ஓர் அட்டை. அட்டையை யாருக்கும் காட்டக் கூடாது. ஆங்கிலத்தில் கேட்டுக் கேட்டே தன் ஜோடியைக் கண்டுபிடிக்க வேண்டும். "இஸ் யுவர் ஷூ பிரவுன்?", "டஸ் இட் ஹேவ் லேஸ்?", "வாட் சைஸ்?" இந்த மூன்று கேள்விகளையும் முதலில் கரும்பலகையில் எழுதி, எல்லோரும் சேர்ந்து நாலு முறை சொல்ல வேண்டும். ஆட்டம் சூடு பிடித்ததும் ஆசிரியர் ஒவ்வொரு கேள்வியாக அழித்துவிடலாம். பிள்ளைகள் அதைக் கவனிக்கக்கூட மாட்டார்கள்.

இதில் சத்தமும் சிரிப்பும் இரண்டாம்பட்சம். எதிரில் இருப்பவரிடம் எனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது, கேட்டால்தான் கிடைக்கும் என்ற தேவைதான் பேசவைக்கிறது. சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என்.எஸ்.பிரபு, 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகள் சிலவற்றில் நடத்திய 'பெங்களூரு புராஜெக்ட்' இந்த வழியில் போனதுதான். இலக்கணப் பாடத்தை ஓரம்கட்டிவிட்டு, ரயில் நேர அட்டவணை, வரைபடம் போன்றவற்றைக் கொடுத்துக் கணக்குப் போடவைத்தார்கள். பிள்ளைகளின் கவனம் விடை மேல். ஆங்கிலம் அந்த வழியில் தானாக வந்து சேரும் என்பது அவர் எண்ணம். உலகம் முழுக்க ஆங்கில ஆசிரியர் பயிற்சியில் இன்றும் பேசப்படும் முயற்சி அது.

ஆனால், குழுவாகப் பேசவிடுவதில் பிரபுவுக்கே தயக்கம் இருந்தது. ஆசிரியர் முகம் திரும்பியதும் பிள்ளைகள் தாய்மொழிக்குத் தாவிவிடுவார்கள், ஒருவர் தப்பை இன்னொருவர் பிடித்துக்கொள்வார் என்றார். நியாயமான கவலைதான். அதனால்தான் கேள்விகள் மூன்றோடு நிற்க வேண்டும். நடுவில் தமிழ் ஒரு வார்த்தை வந்தால் குடி முழுகிப்போகாது. காதில் விழும் தப்புகளை ஆசிரியர் குறித்துவைத்து, ஆட்டம் முடிந்த பிறகு பெயர் சொல்லாமல் திருத்தலாம். நடுவில் திருத்தினால் அது மறுபடியும் பரீட்சை ஆகிவிடும்.

இன்னொரு கோளாறு 'அவுட்'. தப்பாகச் சொன்னவரை உட்காரவைத்தால், யாருக்குப் பயிற்சி அதிகம் தேவையோ அவரே முதலில் மூலைக்குப் போகிறார். நன்றாகப் பேசுபவர்களே கடைசிவரை ஆடுகிறார்கள். இதைவிட அநியாயம் என்ன இருக்கிறது? அவுட் இல்லாத ஆட்டமாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

தமிழக அரசுப் பள்ளிகளில் 2022-ல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம், சின்ன வகுப்புகளின் ஆங்கிலப் பாடத்திலும் பாட்டு, ஆட்டம், பொம்மைகளைக் கொண்டுவந்தது. நாலாம், ஐந்தாம் வகுப்பு தாண்டியதும் இந்த விளையாட்டு பல இடங்களில் நின்றுபோகிறது. கூச்சம் கூடுவதோ அந்த வயதில்தான்.

வீட்டிலும் ஆடலாம். ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனிக்குப் போகும் அம்மாக்கள் தினமும் புழங்கும் வார்த்தைகளைக் கவனியுங்கள்: அப்பர், சோல், லைனிங், ஹீல், கட்டிங், ஸ்டிச்சிங், பேக்கிங். அத்தனையும் ஆங்கிலம்! 'எனக்கு இங்கிலீஷ் தெரியாது' என்று சொல்லும் அம்மாவிடமே இவ்வளவு இருக்கிறது. பிள்ளை தன் ஸ்கூல் ஷூவைக் கையில் எடுத்து "வாட் இஸ் திஸ்?" என்று ஒவ்வொரு பாகமாகத் தொட்டுக் கேட்கட்டும், அம்மா சொல்லட்டும். பிறகு அம்மா கேட்கட்டும். பத்து நிமிடம் போதும். "இன்னும் ஒரு ஆட்டம்மா" என்று பிள்ளை கெஞ்சும்போதே ஷூவை வாசலில் வைத்துவிடுங்கள். நாளைக்கு அதுவே எடுத்துக்கொண்டு வரும்.