மூலையில் கிடக்கும் தையல் மெசினும் கிழிந்த சீற்றும்

மழை விட்ட ஒரு காலைப்பொழுதில் மன்னார் – மதவாச்சி வீதியில், முருங்கன் சந்தியடியில் அரை மணி நேரம் நின்று பாருங்கள். வருகின்ற மோட்டார் சைக்கிள்களில் எத்தனையின் சீற்றில் சொப்பிங் பை விரித்திருக்கிறது என்று எண்ணுங்கள். நாம் எண்ணத் தொடங்கி, இடையில் கணக்கை விட்டுவிட்டோம். மீன்பெட்டி கட்டிய வண்டி, உரப்பை ஏற்றிய வண்டி, முன்பள்ளி ஆசிரியையின் ஸ்கூட்டி எல்லாவற்றிலும் அதே கதைதான்.

“சந்தியில குடுத்தா ரெண்டு நாள் வண்டி நிக்கும். ரெண்டு நாள் யாவாரம் போச்சு. அதுதான் பையைப் போட்டுக்கொண்டு ஓடுறன்” என்றார் வங்காலையிலிருந்து மீன் கொண்டுவரும் ஒருவர். அவருடைய வண்டியின் பின்பக்கம் றெஜிபோம் பெட்டி. ஐஸ் உருகி வடியும் உப்புநீர் நாள் தவறாமல் சீற்றின் பின்விளிம்பில்தான் ஊறுகிறது.

வண்டிகளும் பழையவை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அந்த ஐந்து வருடங்களில் ஊரிலிருந்த வண்டிகளுக்கும் ஐந்து வயது கூடிவிட்டது. 1990களில் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டிய எமது மக்களுக்கு இருப்பதை வைத்து ஓட்டுவது புதிய வித்தையல்ல. எஞ்சினுக்கு ஒயில் மாற்றுகிறோம், ரயரைப் பார்க்கிறோம். நாள் முழுவதும் நாம் குந்தியிருக்கும் சீற்றை மட்டும் ஏனோ கடைசியில் வைத்துவிடுகிறோம்.

சீற் உறை ஏன் கிழிகிறது? றெக்சின் என்று நாம் சொல்வது துணியின்மேல் பூசிய ஒரு வகைப் பிளாஸ்ரிக். அதை வளையச் செய்வது அதனுள் கலந்திருக்கும் எண்ணெய் போன்ற ஒரு பொருள். மன்னார் வெயிலில் வருடக்கணக்காக நிற்கும்போது அந்தப் பொருள் மெல்ல மெல்ல வெளியேறிவிடும். பிறகு றெக்சின் காய்ந்த மாட்டுத்தோல்போல விறைத்து, தொடை உராயும் முன்விளிம்பிலும் தையல் ஓடும் இடத்திலும் வெடிக்கும்.

வெடிப்பு விரல்நுனி அளவாக இருக்கும்போது எவரும் கவனிப்பதில்லை. கெடுதல் அங்கேதான் தொடங்குகிறது. உள்ளேயிருக்கும் ஸ்பொஞ் நீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். மேலே துடைத்துவிட்டு ஏறினால், எமது பாரத்தில் அது பிழிந்து உடுப்பை நனைக்கும். ஈரத்திலேயே கிடக்கும் ஸ்பொஞ் காலப்போக்கில் உதிர்ந்து பள்ளம் விழும். பழைய வண்டிகளில் அடித்தட்டு தகரம் என்பதால் அதுவும் துருப்பிடிக்கும். உப்புநீர் சேர்ந்தால் சொல்லத் தேவையில்லை. உறையோடு முடிய வேண்டிய செலவு ஸ்பொஞ், தட்டு என்று மூன்றாகிவிடும். பையை விரித்து ஓடுகிறவர் மிச்சம் பிடிப்பதாக நினைக்கிறார், அவ்வளவுதான்.

இதே சந்தியிலிருந்து உள்ளே போகும் கிராமமொன்றில் ஒரு தாயைச் சந்தித்தோம். 2009இல் கணவரை இழந்தவர், இரண்டு பிள்ளைகள். மீள்குடியேறியபோது வாழ்வாதார உதவியாகத் தையல் மெசின் ஒன்று கிடைத்தது. அதே ஒழுங்கையில் வேறு பலருக்கும் கிடைத்தது. எல்லோரும் ஒரே சட்டையைத் தைத்தால் வாங்குவது யார்? கடைகளில் மலிவாகக் குவியும் ரெடிமேட் உடுப்புகளோடு போட்டிபோட முடியாமல் மெசின்கள் ஒவ்வொன்றாக மூலைக்குப் போயின. மெசினைக் கொடுத்தவர்கள் இதை முன்கூட்டியே யோசித்திருக்கலாம் என்பது எமது எண்ணம்.

இவர் மட்டும் தம்பியின் மோட்டார் சைக்கிள் சீற்றைக் கழற்றி ஒருநாள் பிரித்துப் பார்த்தார். தம்பியின் சீற் சரிவந்ததும் மீன்காரர் ஒருவர் தமது வண்டியைக் கொண்டுவந்தார். ஒரு மாதம் போகவில்லை, அவர் திரும்பி வந்து நின்றார். “அக்கா, முத்திரை கிழிக்கிற மாதிரிக் கிழிஞ்சு போச்சு.”

“சட்டைக்குத் தைக்கிற மாதிரிப் பொடித் தையலாத் தைச்சிட்டன்” என்று இப்போது சிரித்துக்கொண்டு சொல்கிறார். அன்று சிரிக்கவில்லையாம். றெக்சினில் ஊசி குத்திய துளை மூடாது. துளைகள் நெருங்கினால் அந்தக் கோடே கிழியும் கோடாகிவிடும். தையலுக்குத் தையல் 3 முதல் 4 மில்லிமீற்றர் இடைவெளி வேண்டும். 16 அல்லது 18 ஆம் நம்பர் ஊசி வேண்டும். பருத்தி நூல் ஈரத்தில் உக்கிப்போகும் என்பதால் நைலோன் அல்லது பொலியெஸ்ரர் நூலே நல்லது. மீன்காரருக்குக் காசு வாங்காமல் மறுபடி தைத்துக் கொடுத்தார். சந்தையில் அவருக்கு வேலை தேடிக் கொடுப்பவர் இன்று அதே மீன்காரர்தான்.

அவர் வேலை செய்வதை ஒரு முழுக்காலை இருந்து பார்த்தோம். சில வண்டிகளில் சாவி போட்டால் சீற் கழன்றுவிடும். சிலவற்றில் பக்கக் கவர்களைக் கழற்றி 10 ஆம் நம்பர் ஸ்பனரால் நட் இரண்டைக் கழற்ற வேண்டும். தகரத் தட்டென்றால் ஓரத்துப் பற்களை ஸ்குறூ ட்ரைவரால் மெதுவாக நிமிர்த்துகிறார். அவசரப்பட்டால் துருப்பிடித்த பல் முறிந்துவிடும். பிளாஸ்ரிக் தட்டென்றால் ஸ்ரேப்ளர் பின்களை ஒவ்வொன்றாகக் குறட்டால் பிடுங்குகிறார்.

பழைய உறையை அவர் எறிவதில்லை. பிரிப்பதற்கு முன் நடுக்கோட்டைச் சோக்கட்டியால் குறித்து, பொருந்தும் இடங்களில் சிறு கோடுகள் போட்டு, பிறகுதான் பிளேட்டால் தையலை வெட்டுகிறார். அந்தத் துண்டுகளே அளவு. தையலுக்காக 1 சென்ரிமீற்றரும், தட்டுக்குக் கீழே மடிக்க 5 சென்ரிமீற்றரும் கூட விட்டு வெட்டுகிறார். பழைய உறை இழுபட்டுப் பெருத்திருக்கும் என்பதால் ஸ்பொஞ்சின்மேல் வைத்து ஒருமுறை சரிபார்க்கவும் வேண்டும். றெக்சின் பெரும்பாலும் 54 அங்குல அகலத்தில் வருகிறது. கவனமாக வெட்டினால் ஒரு மீற்றரில் சாதாரண 100 சி.சி. வண்டிகள் இரண்டுக்கு உறை எடுக்கலாம்.

றெக்சின் மெசினின் பாதத்தில் ஒட்டிக்கொண்டு நகர மறுக்கும். அதற்கு முகப்பவுடரைத் தடவுகிறார். ஸ்பொஞ்சை நன்றாகக் காயவைத்த பிறகே உறை போடுகிறார். ஈரத்தோடு மூடினால் பட்ட பாடெல்லாம் வீண். பள்ளம் விழுந்த இடத்தைச் சதுரமாக வெட்டியெடுத்து, அதைவிட இறுக்கமான ஸ்பொஞ் துண்டை வைத்து ஒட்டுகிறார். தையல் துளையால் நீர் இறங்காதிருக்க, ஸ்பொஞ்சுக்கு மேலே பொலித்தீன் தாள் ஒன்று. யூரியாப் பையின் உள்பையைக் கழுவி வைத்திருந்தார்!

தைத்த உறையை வெயிலில் கால்மணி நேரம் போட்டு இளக வைத்த பின்னரே இழுக்கிறார். முதலில் முன்பக்கம், பிறகு பின்பக்கம், அதன்பின் இடமும் வலமுமாக மாறி மாறி. ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டு மற்றதற்குப் போனால் நடுக்கோடு கோணிவிடும். பின் நீளம் 6 முதல் 8 மில்லிமீற்றருக்கு மேற்பட்டால் தட்டைத் துளைத்து ஸ்பொஞ்சுக்குள் ஏறக்கூடும்.

கிழிசல் சிறிதென்றால் இவ்வளவும் தேவையில்லை. உறையின் ஓரத்தை மட்டும் கழற்றி, கிழிந்த இடத்தின் உட்புறமாக றெக்சின் துண்டொன்றை ஒட்டலாம். சுப்பர் குளூ வேண்டாம். அது கல்லாகக் காய்ந்து பக்கத்திலேயே புதிதாக வெடிக்க வைக்கும். சந்தையில் தொங்கும் இலாஸ்ரிக் வைத்த மேலுறையைப் பற்றியும் கேட்டோம். கிழிசலை அது மறைக்கும், நீரை மறிக்காது என்றார். கிழியாத சீற்றுக்கு வெயில் மறைப்பாகப் போட்டால் பயன் உண்டு.

ஆரம்பத்தில் ஆண்கள் ஒரு பெண்ணின் முற்றத்தில் வண்டியை விட்டுச் செல்லக் கூச்சப்பட்டார்கள். “சீற் என்ர வேலையில்ல, சட்டை தைக்கிற வேலைதான் என்ர வேலை எண்டு ஆர் எழுதி வைச்சது?” என்று அவர் எம்மிடமே கேட்டார். வீட்டுக்கு வந்து சீற்றை மட்டும் கழற்றி வாங்கி, அடுத்தநாள் காலை பூட்டிக் கொடுக்கும் வழக்கத்தை அவர் தொடங்கிய பிறகு கூச்சமும் குறைந்தது, வியாபாரம் கெடும் என்ற பேச்சும் நின்றது. இரவுக்கிடையில் முடிப்பதற்காக, ஊரில் அதிகம் ஓடும் இரண்டு மூன்று வகை வண்டிகளுக்கு அட்டையில் அளவு வெட்டி வைத்திருக்கிறார்.

நாம் புறப்படும்போது முச்சக்கரவண்டிக்காரர் ஒருவர் பின்சீற்றோடு வந்து இறங்கினார். அதன் ஓரத்தில் நான்கு மடிப்பு றெக்சின் சேர்கிறது. வீட்டு மெசினின் ஊசி அங்கே முறியும். மேலும் கீழும் ஒன்றாக இழுக்கும் பெரிய மெசின் வேண்டும். பக்கத்து வீட்டில் மெசினை மூலையில் வைத்திருக்கும் இருவரையும் சேர்த்து, கிராம அபிவிருத்திச் சங்கத்தில் அதற்குக் கடன் கேட்டிருக்கிறாராம். சங்கக் கூட்டம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை. முச்சக்கரவண்டிக்காரரை அதுவரை பொறுக்கச் சொல்லி, சீற்றை வாங்கித் திண்ணையில் சாத்தி வைத்தார்.