அரபியில் பதில் சொன்ன பதஞ்சலி

கஜினி முகமது என்றதும் நமக்குப் படையெடுப்புகள்தான் நினைவுக்கு வரும். அந்த முகமதுவின் அரசில் வாழ்ந்த ஓர் அறிஞர்தான் பதஞ்சலியின் யோக சூத்திரத்தை அரபிக்குக் கொண்டுசென்றார். அவர் அல்-பிரூனி.

973இல் மத்திய ஆசியாவின் குவாரஸ்ம் பகுதியில் பிறந்தவர். வானியலிலும் கணிதத்திலும் கரைகண்டவர். 1017இல் முகமது குவாரஸ்மைக் கைப்பற்றியபோது அவரும் கஜினிக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அங்கிருந்துதான் இந்தியாவை நோக்கி அவருடைய தேடல் திரும்பியது. சமஸ்கிருதம் கற்றார். நூல்களைத் தேடிப் பணம் செலவழித்தார். தொலைவிலிருந்தும் பண்டிதர்களை வரவழைத்தார்.

அது எளிதாக நடக்கக்கூடிய காரியம் அல்ல. முகமதுவின் படையெடுப்புகள் இந்நாட்டின் வளத்தை அழித்தன, அதனால் மக்கள் மனத்தில் ஆறாத வெறுப்பு மூண்டது, கல்வி காஷ்மீருக்கும் காசிக்கும் ஒதுங்கிப்போனது என்று 1030 வாக்கில் முடித்த ‘கிதாப் அல்-ஹிந்த்’ நூலில் அவரே எழுதியிருக்கிறார். அந்த வெறுப்புக்கு நடுவில் உட்கார்ந்துதான் அவர் பாடம் கேட்டார்.

கேள்வியும் பதிலும்

யோக சூத்திரத்தில் இருப்பவை இருநூறுக்கும் குறைவான சூத்திரங்கள். உரை இல்லாமல் அவற்றை நாமே புரிந்துகொள்ள முடியாது. பாக்தாதில் இருக்கும் வாசகர் என்ன செய்வார்? அல்-பிரூனி மூலத்தையும் உரையையும் ஒன்றாகக் கலந்து, நூல் முழுவதையும் உரையாடலாக மாற்றினார். துறவி ஒருவர் கேட்கிறார், பதஞ்சலி விடை சொல்கிறார். மூலத்தின் நான்கு பாதங்களும், அதாவது அத்தியாயங்களும், நான்கு பகுதிகளாக அப்படியே நின்றன.

அலையும் மனத்தை அடக்குவது எப்படி என்று கேள்வி வருகிறது. விடாத பழக்கம் ஒரு வழி, பற்றை விடுவது இன்னொரு வழி என்கிறார் பதஞ்சலி. வேறு வழி உண்டா என்றால், இறைவழிபாடு உண்டு என்கிறார். அப்படியானால் அந்த இறைவன் யார்? அரபு வாசகர் மனத்தில் எழக்கூடிய ஐயங்கள் நூலுக்குள்ளேயே எழுப்பப்பட்டு, விடையும் பெறுகின்றன. இந்த மொழிபெயர்ப்பின் பெருமை இதுதான் என்பேன்.

இதில் இழப்பும் உண்டு. தேவர்கள் இஸ்லாம் சொல்லும் வானவர்களாக ஆனார்கள். யோகத்தின் ஈசுவரன் உலகைப் படைப்பவன் அல்லன், வினை தீண்டாத தனிப்புருஷன். அரபியில் அவன் அல்லாஹ்வை நெருங்கிவிட்டான். ஆனாலும் மறுபிறவி போன்ற, இஸ்லாம் ஏற்காத கருத்துகளை அல்-பிரூனி ஒளிக்கவில்லை. முஸ்லிம்களுக்கு நம்பிக்கை உறுதிமொழியான கலிமா எப்படியோ, இந்துக்களுக்கு மறுபிறவி அப்படி என்று ‘கிதாப் அல்-ஹிந்த்’தில் விளக்கினார். இந்தியக் கருத்துகளைச் சூஃபிகளின் சொற்களோடும் கிரேக்கத் தத்துவத்தோடும் ஒப்பிட்டுக் காட்டினார். கற்றறிந்த இந்துக்கள் ஆதியும் அந்தமும் இல்லாத ஒரே இறைவனை நம்புகிறார்கள் என்பதற்கு அவர் முதல் சான்றாக எடுத்துவைத்தது இந்தப் பதஞ்சலி நூலைத்தான்.

ஓரத்தில் கிடந்த நூல்

இந்த மொழிபெயர்ப்பின் கையெழுத்துப் படி இஸ்தான்புலின் கோப்ருலு நூலகத்தில், வேறு நூல் எழுதப்பட்ட ஏடுகளின் ஓரங்களில் கிடந்தது. பிரெஞ்சு அறிஞர் லூயி மாசிஞோன் 20ஆம் நூற்றாண்டில் அதைக் கண்டெடுத்தார். 1956இல் ஹெல்முட் ரிட்டர் பதிப்பித்தார்.

தன் அரசன் பகையாக்கிய மக்களின் நூலை, அவர்களிடமே மாணவனாக இருந்து கற்று, தன் மக்களுக்கு விளக்கினார் ஒருவர். மாற்று நம்பிக்கையைப் பற்றிப் பேச வாய்திறக்கும் எவரும் முதலில் அதை அதன் நூல்களிலிருந்து கற்க வேண்டும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அல்-பிரூனி தனக்கு விதித்துக்கொண்ட இந்த நியதி நமக்கும் பொருந்தும்.