இரண்டு 'ப', ஒரு பம்பரம்

பெங்களூரு அல்சூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மகள் வீட்டில் தமிழைக் கொட்டுகிறாள். பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் தடங்கலின்றி வாசிக்கிறாள். தமிழ்க் கதைப் புத்தகத்தைத் திறந்தால் மட்டும் திக்குகிறாள். ஒலிப்புத்தகம் உதவுமா என்று கேட்கிறார். உதவும், எழுத்தும் கூடவே கண்முன் இருந்தால்.

நான் கன்னடம் வாசிக்கப் பழகியது சிட்டி பஸ்ஸில். கண்டக்டர் 'சிவாஜிநகரா, சிவாஜிநகரா' என்று கூவுவார். பலகையில் அதே பெயர் கன்னடத்தில் இருக்கும். தெரிந்த ஒலியைத் தெரியாத எழுத்தோடு பொருத்திப் பொருத்தியே பாதி எழுத்துகள் வசப்பட்டன.

பெங்களூருவின் பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் குழந்தைக் கதைகள் இலவசம். சில கதைகளை ஒலியோடும் வாசிக்கலாம்: குரல் எந்தச் சொல்லில் நிற்கிறதோ அந்தச் சொல் நிறம் மாறும். எந்தச் சொல் எந்தக் கணத்தில் தொடங்குகிறது என்பதை முன்கூட்டியே குறித்துவைத்திருப்பதால் நிறம் குரலோடு நகர்கிறது. பிரிஜ் கோத்தாரியின் முயற்சியால் 1999இல் தூர்தர்ஷனில் குஜராத்தித் திரைப்பாடல்களுக்குக் கீழே வரிகள் ஓடியதும் ஒலியை எழுத்தோடு பொருத்தும் இதே நோக்கத்தில்தான்.

தமிழுக்கு இப்படிக் கேட்டுக்கொண்டே வாசிப்பது இன்னும் அவசியம். 'பம்பரம்' என்ற சொல்லைப் பாருங்கள். முதல் ப, 'பல்' என்பதில் வருவது. இரண்டாவது, கன்னடத்தில் 'பேக்கு' (வேண்டும்) என்னும்போது வரும் ஒலி. கன்னடத்தில் இரண்டுக்கும் தனித்தனி எழுத்து, நமக்கு ஒன்றே. மகரமெய்க்குப் பின்னால் வந்ததும் அதன் ஓசை மாறிவிடுகிறது. கன்னடத்துக்குப் பழகிய குழந்தை இரண்டையும் ஒரே மாதிரி கூட்டி வாசிக்கும். வாயில் வருவது அதற்குத் தெரிந்த பம்பரமாக இருக்காது. திக்கல் அங்கே பிறக்கிறது. விதியைச் சொன்னால் குழந்தை மிரளும்; நல்ல குரலைப் பலமுறை கேட்டால் காதே பிடித்துக்கொள்ளும். 'வந்தாங்க' என்று பேசும் பிள்ளைக்குப் புத்தகத்தின் 'வந்தார்கள்' பழகுவதும் அப்படித்தான்.

ஆனால் நாம் செய்வதென்ன? சோறூட்டும் நேரத்தில் போனில் கதையை ஓடவிட்டு நகர்ந்துவிடுகிறோம். வெறுமனே கேட்டால் சொல்வளம் பெருகும், கதையில் ஆசை வரும், எழுத்து கைவராது. குழந்தையின் கண் வரிமேல் இருக்க வேண்டும், பக்கத்தில் நாம் இருக்க வேண்டும். முதல் நாள் கேட்கட்டும். மறுநாள் குரலோடு சேர்ந்து வாசிக்கட்டும். மூன்றாம் நாள் கடைசிப் பக்கம் வந்ததும் ஒலியை நிறுத்திவிடுங்கள், அம்மா. அந்தப் பக்கத்தை மகள் உங்களுக்கு வாசித்துக்காட்டட்டும்.