வாட்ஸ்அப் வதந்தியை முதலில் அனுப்பியது யார்? தேடினால் உங்க மெசேஜுக்கு என்ன ஆகும்?

தாம்பரம் அபார்ட்மென்ட் குரூப்பில் ஒரு வதந்தி வருகிறது. முதலில் அனுப்பியவரைக் கண்டுபிடிக்க முடியுமா?

சமூக வலைதளக் கணக்குகளை ஆதாருடன் இணைக்கக் கோரி 2018-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடரப்பட்ட வழக்கு, இந்தக் கேள்வியில் வந்து நின்றது. மெசேஜோடு முதல் அனுப்புநரின் நம்பரையும் சேர்க்கலாம் என்று 2019-ல் யோசனை சொன்னார் ஐஐடி மெட்ராஸ் பேராசிரியர் காமகோடி. வாட்ஸ்அப் மறுத்தது.

2021-ல் மத்திய அரசு விதியே கொண்டுவந்தது: உத்தரவு வந்தால் முதல் அனுப்புநரை நிறுவனம் காட்டியாக வேண்டும். எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றம் போனது வாட்ஸ்அப்.

கடுமையான குற்றங்களுக்கு மட்டும்தான் என்கிறது அரசு. ஆனால் எந்த மெசேஜ் நாளைக்கு வழக்காகும்னு இன்னைக்கு யாருக்கும் தெரியாது. அதனால் எல்லா மெசேஜுக்கும் அடையாளம் போட்டு வைக்கணும். அம்மாவுக்கு அனுப்பும் ‘சானடோரியம் தாண்டிட்டேன்’ உட்பட!

அப்போ வாட்ஸ்அப் நம்ம பக்கமா? அப்படியும் சொல்லிவிட முடியாது. பயனர் தகவல்களை மெட்டாவின் மற்ற நிறுவனங்களோடு பகிர ஒப்புக்கொள்ள வைத்த 2021 பிரைவசி பாலிசிக்காக, 2024 நவம்பரில் இந்தியப் போட்டி ஆணையம் மெட்டாவுக்கு விதித்த அபராதம் 213.14 கோடி ரூபாய்.

நம்ம கையில் இருப்பது ஒன்று: செட்டிங்ஸில் சாட் பேக்கப் போய், என்கிரிப்ஷன் ஆன்ல இருக்கான்னு பாருங்க.