மழைக்கு முன் வரவேண்டிய மழைக்கோட்டு

ஜூன் முதல் வாரத்தில் கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த கணக்கு. ஆனால் திறந்த வெளியில் வேலை செய்கிறவரின் கைக்கு மழைக்கோட்டு எப்போது வந்து சேரும் என்பதற்குப் பல இடங்களில் கணக்கே கிடையாது. பாதி மழைக்காலம் நனைந்து தீர்த்தபின் வரும் கோட்டு அடுத்த ஆண்டுக்குத்தான் உதவும். அதற்குள் அது மடிப்பு மடிப்பாகக் கிழிந்திருக்கும்.

இருப்புப்பாதைப் பராமரிப்பில் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். பாலக்காடு, இடுக்கி எல்லைப்புறங்களில் உழைக்கும் நம் மக்களோடு பேசும்போதெல்லாம் இந்தப் பேச்சு வராமல் போவதில்லை. வெளி மாநிலங்களிலும் வெளிநாடுகளிலும் வாழும் நம் குடும்பங்களுக்கும் இது தொலைதூரச் செய்தி அன்று. நாம் காலையில் குடிக்கும் தேநீரும் பாயசத்தில் போடும் ஏலக்காயும் அந்த மலைகளிலிருந்து வருபவை. ஊருக்குப் போகும் ரயில் அந்தப் பாலக்காட்டுக் கணவாய் வழியாகவே ஓடுகிறது.

ஒரே நாளில் இரண்டு பருவம்

பாலக்காட்டுக் கணவாய் மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ள பெரிய இடைவெளி. அதன் வழியாகக் கோடையில் கிழக்கேயிருந்து அனல் காற்று வீசும். 2016 ஏப்ரலில் பாலக்காடு மாவட்டத்தில் வெப்பம் 41.9 பாகை செல்சியஸைத் தொட்டது. காற்றின் வெப்பம் 40 பாகையாக இருக்கும் நாளில் தண்டவாளத்தின் வெப்பம் 60 பாகையை நெருங்கும். அந்த இரும்பின்மேல் குனிந்து, கருங்கல் ஜல்லியின்மேல் நின்று வேலை செய்கிறவருக்கு மேலேயும் கீழேயும் அடுப்புத்தான். ஜூன் பிறந்ததும் அதே மனிதர் கொட்டும் மழையில் இரவு ரோந்து போகவேண்டும்.

இடுக்கியின் நிலை வேறு. மூணாறு 5,000 அடிக்கு மேல் இருக்கிறது. ஜனவரியில் சில எஸ்டேட்டுகளில் புல்லின்மேல் உறைபனி படியும். மழைக்காலத்தில் சூரியனைப் பார்க்காமலே நாட்கள் கழியும்.

இதைவிட விசித்திரமானது தேனி மாவட்டத்திலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு அன்றாடம் ஜீப்பில் போய் வருகிறவர்களின் வாழ்க்கை. குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு ஆகிய மூன்று வழிகளிலும் விடியற்காலையில் ஜீப்புகள் ஏறும். தேனிப் பக்கம் தென்மேற்குப் பருவமழைக்கு மலை மறைவு. போடியில் புழுதி பறக்கும்போது, 17 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிப் போடிமெட்டில் ஏறினால் மஞ்சும் சாரலும் முகத்தில் அடிக்கும். நமக்குப் பருவம் மாறச் சில மாதங்கள் ஆகின்றன. அவர்களுக்கு ஒரு மணி நேரம் போதும். உள்ளூர் வெயிலுக்கு உடுத்திய மெல்லிய பருத்திச் சேலையோடு மலையில் நனைந்து, மாலையில் அதே ஈரத்தோடு திறந்த ஜீப்பில் இறங்கி வருகிறார்கள்.

கொடுத்ததை ஏன் போடுவதில்லை?

"கொடுத்தாலும் போடமாட்டார்கள்" என்பது மேற்பார்வையாளர்கள் வழக்கமாகச் சொல்லும் குறை. ஏன் போடுவதில்லை என்று கேட்டால் காரணங்கள் வரும். அவை சோம்பேறித்தனத்தால் சொல்லப்படுபவை அல்ல, ஒவ்வொன்றிலும் பொறியியல் இருக்கிறது.

காற்றுப் புகாத கோட்டைப் போட்டுக்கொண்டு உடல் உழைத்தால் வியர்வை வெளியேற வழியில்லை. வெளியே மழையில் நனையாதவர் உள்ளே வியர்வையில் நனைகிறார். கொழுந்து எடுக்கும் பெண்ணுக்குக் கையை நீட்ட முடியாதபடி தோளில் இறுக்கம். ஆண்களின் அளவில் வாங்கிய ரப்பர் பூட்ஸ் பெண்களின் காலில் நிற்காது. சரிவில் அது பாதுகாப்பை விட்டு ஆபத்தாகிவிடும். ரயில் பாதையிலோ தலையை மூடும் தொப்பியே எமன். காதை மறைக்கும், பக்கவாட்டில் பார்வையையும் மறைக்கும். ரயில் வரும் ஓசை கேட்காதபடி செய்யும் மழைக்கோட்டைக் கீமேன் கழற்றி வைத்தால், உயிர்மேல் உள்ள ஆசையால்தான் கழற்றுகிறார் என்று புரிந்துகொள்ள வேண்டும்.

நம் முன்னோர் இதையெல்லாம் யோசித்திருக்கிறார்கள். பாலக்காட்டு வயல்களில் ஓலையால் செய்த தொப்பிக்குடை இருந்தது. தலையில் நிற்கும், இரு கைகளும் வேலைக்குக் கிடைக்கும், காற்றும் உள்ளே புகும். மலைத்தோட்டங்களில் கம்பளியைக் கொங்காணியாக மடித்துப் போட்டார்கள். நனைந்த பருத்தி உடல் சூட்டை உறிஞ்சிவிடும். கம்பளி நனைந்தாலும் ஓரளவு சூட்டைக் காக்கும். பழையதற்கே திரும்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை. புதியதை வாங்குமுன் பழையது ஏன் பயன்பட்டது என்று பார்த்தால் போதும்.

மருந்து அடிக்கிறவர்

ஏலத்தோட்டத்தில் பூச்சிமருந்து அடிப்பது அடிக்கடி நடக்கும் வேலை. முகக்கவசமும் கையுறையும் கொடுத்திருந்தாலும், வெயில் ஏறியபின் வேர்த்து மூச்சு முட்டினால் முதலில் கழற்றப்படுவது முகக்கவசம். அதிகாலையில் அடித்து முடித்துவிட்டால் இந்தத் தொல்லை பாதி குறையும். காற்று முதுகுப்பக்கம் இருக்கும்படி நகரவேண்டும். அடித்த துணியை வீட்டுத் துணிகளோடு சேர்க்காமல் தனியே துவைக்கவேண்டும். இல்லாவிட்டால் தாயின் சேலை வழியாகவே மருந்து குழந்தையிடம் வந்து சேரும்.

மருந்து டப்பாவில் சாய்சதுரம் ஒன்று இருக்கும். அதன் கீழ்ப்பாதியின் நிறம் நஞ்சின் கடுமையைச் சொல்கிறது. சிவப்பு மிகக் கொடியது. அடுத்தடுத்துக் குறைந்து வருபவை மஞ்சள், நீலம், பச்சை. எழுத்துப் படிக்கத் தெரியாதவரும் நிறத்தைப் படிக்கலாம். இதைச் சொல்லிக்கொடுக்கப் பத்து நிமிடம் ஆகாது.

சட்டம் சொன்னது

1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் 17-ஆவது பிரிவில் குடை, கம்பளி, மழைக்கோட்டு ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. மழையிலிருந்தும் குளிரிலிருந்தும் காக்க முதலாளி இவற்றைக் கொடுக்கும்படி மாநில அரசு விதி செய்யலாம் என்றது. 2010-இல் வந்த திருத்தம் பூச்சிமருந்துப் பாதுகாப்பையும் சேர்த்தது. ஆனால் அந்தச் சட்டம் பொதுவாக 5 ஹெக்டேருக்குக் குறையாத, 15 பேராவது வேலை செய்யும் தோட்டங்களுக்கே பொருந்தியது. சிறிய ஏலத்தோட்டங்கள் பல அதற்கு வெளியே நின்றன. பின்னர் அந்தச் சட்டம் 2020-ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் அடங்கியது. அத்தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது.

வெயிலுக்குக் கேரளத் தொழிலாளர் துறை ஆண்டுதோறும் ஓர் ஆணை இடுகிறது. 2025-இல் பிப்ரவரி 11 முதல் மே 10 வரை, வெயிலில் வேலை செய்கிறவர்களுக்குப் பகல் 12 மணி முதல் 3 மணி வரை ஓய்வு. வளைகுடாவில் வாழும் நம்மவர்களுக்கு இது பழக்கமானதே. ஐக்கிய அரபு அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை இத்தகைய நண்பகல் ஓய்வு உண்டு. கேரள ஆணையில் கடல் மட்டத்துக்கு 3,000 அடிக்கு மேல், வெப்பத்தாக்கு நேர வாய்ப்பில்லாத இடங்களுக்கு விலக்கு இருக்கிறது. அது நியாயமே. மலைக்கு ஒரு தேவை, சமவெளிக்கு வேறு தேவை என்பதை அந்த ஒரு வரி ஒப்புக்கொள்கிறது. பாதுகாப்புச் சாமான் வாங்கும் பட்டியலிலும் அதே அறிவு வேண்டும்.

யாருக்குக் கொடுப்பது?

2024 நவம்பர் 2-ஆம் தேதி பாலக்காடு மாவட்டம் ஷொர்ணூரில், பாரதப்புழைப் பாலத்தின்மேல் தண்டவாளத்தைத் துப்புரவு செய்துகொண்டிருந்த நான்கு ஒப்பந்தத் தொழிலாளர்கள் கேரளா எக்ஸ்பிரஸ் மோதி இறந்தார்கள். இரண்டு பெண்கள், இரண்டு ஆண்கள். நால்வரும் தமிழ்நாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

உடலில் அணியும் எதுவும் கடைசிக் காவல்தான் என்பதைப் பாதையில் வேலை பார்த்த எவரும் அறிவர். முதல் காவல் வண்டி வராத நேரத்தில் வேலை வைப்பது. அடுத்தது, கொடியும் விசிலும் கொண்டு ஒருவரைக் காவலுக்கு நிறுத்துவது. அதற்குப் பிறகே ஆரஞ்சு ஜாக்கெட். வெயிலுக்கும் இதே வரிசைதான். முதலில் நேரத்தை மாற்று, பிறகு நிழலும் நீரும் மோரும் கொடு, அதன்பின் தொப்பி. நிரந்தர ஊழியருக்கு ஒரு பாதுகாப்பும் ஒப்பந்தத்தில் வந்தவருக்கு வேறு பாதுகாப்பும் இருக்கமுடியாது. வண்டிக்கு யார் எந்தப் பதிவேட்டில் இருக்கிறார்கள் என்று தெரியாது.

நம்மால் ஆவது

மே மாதத்திலேயே தொழிலாளர்களை உட்காரவைத்து அவர்கள் மொழியில் பேசவேண்டும். இன்று தோட்டங்களில் தமிழரோடு ஜார்க்கண்ட், அஸ்ஸாம் மக்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு அவர்கள் மொழி. மாதிரிக் கோட்டு இரண்டைக் கொடுத்து ஒரு வாரம் வேலை செய்யச் சொல்லி, பிறகு வாங்கவேண்டும். பெண்களுக்குப் பெண்களின் அளவு. ஜீப்பில் வருகிறவர்களுக்கு வேலை இடத்தில் உலர்ந்த துணி மாற்ற ஒரு கூரை. பிளாஸ்டிக் பையில் கட்டிய ஒரு மாற்றுத்துணியைவிட மலிவான பாதுகாப்புச் சாதனம் கிடையாது.

நம் வாசகர்களில் சிலர் அங்கே சிறு தோட்டம் வைத்திருக்கலாம், பலருக்கு அங்கே உறவினர் இருப்பார்கள். தோட்டக்காரராயின் இந்த ஆண்டே தொடங்குங்கள். உறவினராயின் அடுத்த முறை தொலைபேசியில் பேசும்போது மழை எப்படி என்று கேட்பதோடு நிறுத்தாமல், கோட்டு வந்ததா, அது உங்களுக்குச் சேருகிறதா என்றும் கேளுங்கள். அந்தக் கேள்வியை மே மாதத்திலேயே கேட்டால் பலன் உண்டு.