உதவித்தொகையா, கட்டணத் தள்ளுபடியா?

பிளஸ் 2 பொதுத்தேர்வு நெருங்கும்போதே சேலம், நாமக்கல் மாவட்டங்களின் பேருந்து நிலையங்களிலும் நெடுஞ்சாலை ஓரங்களிலும் தனியார் பல்கலைக்கழகங்களின் விளம்பரப் பதாகைகள் எழத் தொடங்கிவிடுகின்றன. அவற்றுள் அடிக்கடி காணக்கிடைக்கும் வாசகம், '100 சதவீதம் வரை கல்வி உதவித்தொகை' என்பது. இதில் கண்ணைக் கவர்வது '100' என்ற எண். ஆனால், கவனிக்க வேண்டியது 'வரை' என்ற சொல்.

திருச்செங்கோட்டிலிருந்து ஆழ்துளைக் கிணறு லாரியில் வெளிமாநிலங்களுக்குச் சென்று உழைப்பவர், பள்ளிபாளையத்தில் விசைத்தறி ஓட்டுபவர், ஆத்தூர்ப் பகுதியில் மரவள்ளி பயிரிடுபவர் என இப்பகுதியின் எளிய குடும்பங்களுக்குப் பிள்ளையின் பட்டப்படிப்புதான் வாழ்நாளின் மிகப் பெரிய முதலீடு. ஐந்து சென்ட் நிலம் வாங்கும்போது வில்லங்கச் சான்று பார்க்காமல் முன்பணம் கொடுக்காத இக்குடும்பங்கள், அதைவிடப் பெரிய தொகை கைமாறும் கல்லூரிச் சேர்க்கையில் ஒரு விளம்பர வாசகத்தை நம்பி முடிவெடுக்க நேர்வதுதான் வேதனை.

முதலில் சொல்லின் பொருளைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். அரசு வழங்கும் கல்வி உதவித்தொகை, மாணவரின் வங்கிக் கணக்கில் வரவு வைக்கப்படும் பணம். தனியார் பல்கலைக்கழகங்கள் 'தகுதி உதவித்தொகை' என்று குறிப்பிடுவது பெரும்பாலும் அத்தகையதன்று. கட்டணத்தை நிர்ணயிப்பதும் பல்கலைக்கழகமே. அதில் ஒரு பகுதியைக் குறைப்பதும் பல்கலைக்கழகமே. ஒரே சேவையை வெவ்வேறு நபர்களுக்கு வெவ்வேறு விலையில் விற்பதைப் பொருளியலில் 'விலைப் பேதம்' என்கிறோம். ஆங்கிலேயப் பொருளியலறிஞர் ஏ.சி. பிகூ, 1920-இல் வெளியிட்ட தமது நூலிலேயே இதை வகைப்படுத்தி விளக்கினார். பல்லாண்டுகள் வகுப்பறையில் நான் நடத்திய பாடம் இது. நல்ல மதிப்பெண் பெற்ற மாணவர் ஒருவர் சேர்ந்தால் பல்கலைக்கழகத்தின் மதிப்பு உயரும். வேலைவாய்ப்புப் பட்டியல் பொலிவு பெறும். அடுத்த ஆண்டு முழுக் கட்டணம் செலுத்திச் சேர்வோர் பெருகுவர். எனவே, அவருக்கு விலை குறைக்கப்படுகிறது. இதில் தவறேதும் இல்லை. ஆனால், இதை அறச்செயலாகக் கருதாமல் விலையாகக் கருதிக் கணக்கிடுவதே பெற்றோருக்கு நல்லது.

அறிவிப்புகளை நிதானமாகப் படித்தால் சலுகையின் எல்லை புலப்படும். வேலூர் வி.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் திட்டத்தையே எடுத்துக்கொள்வோம். அதன் நுழைவுத் தேர்வில் முதல் 10 இடங்களைப் பெறுவோருக்குக் கல்விக் கட்டணத்தில் 75 சதவீதம், 11 முதல் 50 வரை 50 சதவீதம், 51 முதல் 100 வரை 25 சதவீதம் எனச் சலுகை வரையறுக்கப்பட்டிருந்தது. நாடு முழுவதிலுமிருந்து எழுதப்படும் தேர்வில் இந்தப் படிநிலை முதல் 100 பேரோடு முடிந்துவிடுகிறது. இந்த அளவுக்குத் தெளிவாக விதிகளை அறிவிப்பது பாராட்டுக்குரியது. விதிகளை வெளியிடாமல் 'வரை' என்ற சொல்லின் பின்னால் ஒளிந்துகொள்ளும் நிறுவனங்களிடம்தான் எச்சரிக்கை தேவை.

அடுத்து, எந்தக் கட்டணத்தில் தள்ளுபடி என்ற கேள்வி. ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். ஆண்டுக்குக் கல்விக் கட்டணம் ரூ.3 லட்சம், விடுதி மற்றும் உணவுக்கு ரூ.1.5 லட்சம் என்றால், நான்கு ஆண்டுகளுக்கு மொத்தம் ரூ.18 லட்சம். '50 சதவீத உதவித்தொகை' என்பது கல்விக் கட்டணத்துக்கு மட்டுமே எனில், குறைவது ரூ.6 லட்சம், செலுத்த வேண்டியது ரூ.12 லட்சம். ஆக, உண்மையான தள்ளுபடி மூன்றில் ஒரு பங்குதான். குறிப்பிட்ட தரப்புள்ளிக்குக் கீழே சென்றாலோ, ஒரு பாடத்தில் 'அரியர்' வைத்தாலோ சலுகை ரத்து என்ற நிபந்தனையும் இருந்து, முதலாண்டோடு அது நின்றுபோனால் மொத்தச் செலவு ரூ.16.5 லட்சமாகிவிடும். பாதிக் கட்டணம் என்று தொடங்கியது ஏறத்தாழ முழுக் கட்டணமாக முடியும். கிராமத்துப் பள்ளியில் தமிழ்வழியில் பயின்ற மாணவர் பலருக்கு முதல் இரண்டு பருவங்கள்தாம் கடினமானவை என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

இந்தத் தொகையை அரசுக் கலந்தாய்வு இடத்தோடு ஒப்பிட வேண்டும். சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளில் கலந்தாய்வு இடங்களுக்கு 2017-இல் நிர்ணயிக்கப்பட்ட ஆண்டுக் கட்டணம் ரூ.50,000, தேசிய தர அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவுகளுக்கு ரூ.55,000. குடும்பத்தின் முதல் பட்டதாரி என்றால், கலந்தாய்வு வழியே சேர்வோருக்கு 2010-11 கல்வியாண்டு முதல் தமிழக அரசு கல்விக் கட்டணச் சலுகை அளிக்கிறது. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் 2021 முதல் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு உண்டு. அதில் சேர்வோரின் கல்வி, விடுதிக் கட்டணங்களை அரசே ஏற்கிறது. கலந்தாய்வுக்கு வெளியே நேரடிச் சேர்க்கை நடத்தும் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தால் இவ்விரண்டு உரிமைகளும் கிடைக்கா. தள்ளுபடியாகக் கிடைப்பதை மட்டும் பார்க்கிறோம். இழப்பதைக் கணக்கில் எழுதுவதில்லை.

கட்டணம் குறைவு என்பதாலேயே கலந்தாய்வு இடம் மேலானது என்று நான் வாதிடவில்லை. ஆசிரியர் தரம், ஆய்வகம், வேலைவாய்ப்பு ஆகியவற்றில் சில தனியார் பல்கலைக்கழகங்கள் உண்மையிலேயே சிறந்து விளங்குகின்றன. கூடுதலாகச் செலுத்தும் தொகைக்குக் கூடுதலாகக் கிடைப்பது என்ன என்று கேட்டுப் பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

இந்த ஒப்பீட்டுக்குப் பெரும் தடையாக இருப்பது காலம். தனியார் பல்கலைக்கழகங்களின் சேர்க்கை பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களிலேயே சூடுபிடித்துவிடுகிறது. கலந்தாய்வின் தரவரிசைப் பட்டியல் வருவது அதன் பிறகுதான். இடைப்பட்ட நாள்களில் 'இந்த வாரத்துக்குள் பணம் கட்டினால்தான் சலுகை' என்ற தொலைபேசி அழைப்புகள் வரும். என்னிடம் ஆலோசனை கேட்டு வரும் பெற்றோர் பலரும் பணத்தைக் கட்டிவிட்டுத்தான் வருகிறார்கள். கட்டிய பணம் போய்விடும் என்ற அச்சமே அவர்களைக் கலந்தாய்விலிருந்து விலக்கிவிடுகிறது.

அந்த அச்சம் தேவையற்றது. பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் வெளியிட்ட அறிவிக்கையின்படி, சேர்க்கைக்கான இறுதி நாளுக்கு 15 நாள்களுக்கு முன்பே விலகினால், நடைமுறைச் செலவாக அதிகபட்சம் ரூ.5,000 மட்டும் பிடித்துக்கொண்டு முழுக் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும். அதன் பிறகும் இறுதி நாள் வரை 90 சதவீதமும், அடுத்த 15 நாள்களுக்குள் 80 சதவீதமும், 30 நாள்களுக்குள் 50 சதவீதமும் திருப்பித் தரப்பட வேண்டும். அசல் சான்றிதழ்களைப் பிடித்துவைத்துக்கொள்ளவும் கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலாக ஓர் அடிப்படைக் கேள்வி உண்டு: 'தகுதி' யாருக்கு எளிதில் வாய்க்கிறது? நாமக்கல் மாவட்டத்து உறைவிடப் பள்ளிகள் ஒரு காலத்தில் மாநிலத் தரவரிசையில் ஆண்டுதோறும் இடம்பிடித்தன. தரவரிசை அறிவிக்கும் முறையை அரசு 2017-இல் கைவிட்டது. மதிப்பெண் வேட்டை நிற்கவில்லை. இரண்டு ஆண்டுகள் பெருந்தொகை செலுத்திப் பயிற்சி பெறுபவருக்கு நுழைவுத் தேர்வில் முன்னிடம் கிடைப்பது எளிது. அவருக்கே கட்டணத்திலும் தள்ளுபடி. கொல்லிமலை அரசுப் பள்ளி மாணவி தன் சூழலை மீறிப் பெற்ற மதிப்பெண் சற்றுக் குறைவு என்பதால், முழுக் கட்டணமும் அவளிடம் கேட்கப்படுகிறது. இருப்பவருக்குச் சலுகை, இல்லாதவருக்கு முழு விலை என்று முடிவது தகுதிக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

உலகின் புகழ்பெற்ற தனியார் பல்கலைக்கழகங்கள் சில இதற்கு வேறு விடை கண்டுள்ளன. ஹார்வர்டு, யேல் உள்ளிட்ட எட்டு அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் இளநிலைப் படிப்புக்கு மதிப்பெண் அடிப்படையில் உதவித்தொகை வழங்குவதில்லை. குடும்ப வருமானத்தைக் கணக்கிட்டே உதவுகின்றன. ஒவ்வொரு மாணவருக்கும் எவ்வளவு உதவி என்பதை எம்.ஐ.டி.யுடன் சேர்ந்து அவை கூடிப் பேசி முடிவு செய்தபோது, அது போட்டியைத் தடுக்கும் செயல் என்று அமெரிக்க நீதித் துறை 1991-இல் வழக்குத் தொடுத்தது. அதன் பிறகு கூடிப் பேசுவதுதான் கட்டுப்படுத்தப்பட்டது. தேவைக்கே உதவி என்ற கொள்கையை அவை இன்றும் கைவிடவில்லை.

நம்மிடமும் முன்மாதிரி இல்லாமல் இல்லை. தமிழகத்தின் ஒவ்வொரு மாவட்டத்திலும் கிராமப்புற அரசுப் பள்ளிகளில் முதலிடம் பெறும் ஒரு மாணவர், ஒரு மாணவிக்குக் கட்டணமின்றிக் கல்வியும் உணவு, உறைவிடமும் அளிக்கும் 'ஸ்டார்ஸ்' திட்டத்தை அதே வி.ஐ.டி. நடத்திவருகிறது. இங்கே போட்டி, ஒத்த சூழலில் படித்தவர்களுக்கு இடையில் நடக்கிறது. சலுகையும் விடுதியை உள்ளடக்கியதாக இருக்கிறது. உதவித்தொகை என்ற சொல்லுக்குத் தகுதியானது இதுவே.

தனியார் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்க விரும்பும் மாணவர்கள் தாராளமாக விண்ணப்பிக்கட்டும். ஆனால், பணம் கட்டும் முன் ஐந்து கேள்விகளுக்கு எழுத்து வடிவில் விடை பெற வேண்டும். சலுகை எந்தெந்தக் கட்டணத்துக்கு? நான்கு ஆண்டுகளுக்கும் உண்டா? எந்த நிபந்தனையில் ரத்தாகும், ரத்தானால் மீண்டும் பெற முடியுமா? ஆண்டுதோறும் கட்டணம் உயருமா? சேர்க்கையின் இறுதி நாள் எது? வாய்மொழி உறுதிக்கு மதிப்பில்லை. வருமானம், சாதி, முதல் பட்டதாரிச் சான்றிதழ்களை இ-சேவை மையத்தில் முன்கூட்டியே பெற்று, கலந்தாய்வுக்கும் தவறாமல் பதிவு செய்துவிட வேண்டும். குடும்ப ஆண்டு வருமானம் ரூ.4.5 லட்சத்துக்குள் இருந்தால், உயர்கல்வி பயில்வோருக்கான மத்திய அரசின் உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கலாம்.

பல்கலைக்கழக மானியக் குழுவுக்கும் ஒரு கடமை இருக்கிறது. எத்தனை பேருக்கு, எந்த விகிதத்தில் சலுகை வழங்கப்பட்டது, அவர்களில் எத்தனை பேர் இறுதியாண்டு வரை அதைப் பெற்றனர், அவர்களின் குடும்ப வருமான நிலை என்ன என்பதை ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்று அது விதி வகுக்கலாம். பொருளின் உறையில் விலையை அச்சிட வேண்டும் என்ற சட்டம் இருக்கும் நாட்டில், பட்டத்தின் உண்மையான விலையை முன்கூட்டியே அறியும் உரிமை பெற்றோருக்கும் இருக்க வேண்டும்.